மணித்துளையும் நூல்முனையும்

ஜபமாலைக்கு உருத்திராக்கம் கோத்தவர் அனைவரும் அறிந்த சங்கடம் ஒன்றுண்டு. 108 மணிகளில் பாதியைத் தாண்டுவதற்குள் நூலின் முனை பிசிறிவிடும். ஓர் இழை துளைக்குள் நுழையும். மற்றோர் இழை வாயிலிலேயே மடங்கி நிற்கும். துணி தைப்பவர்போல் முனையை வாயில் வைத்து நனைக்கவும் இயலாது. இறைவழிபாட்டுக்குரிய பொருளில் எச்சில் படலாகாது என்பது நம் ஆசாரம். ஆகவே தேன்மெழுகு தடவியோ, பசையிட்டு உலர்த்தியோ, முனையைச் சாய்வாகக் கத்தரித்து முறுக்கியோ நுழைப்பர்.

இச்சிறு தொல்லை மிகப் பழமையானது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமாபுரியோடு நிகழ்ந்த வாணிகத்தை உலகறியச் செய்தது. அங்குக் கிடைத்த மட்பாண்டங்களும் மதுச்சாடிகளும் பெற்ற புகழை மணிகள் பெறவில்லை. எனினும் கடல் கடந்து இந்நாட்டு வரலாற்றோடு நம்மை இணைப்பன அம்மணிகளே.

அரிக்கமேட்டில் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன. சூதுபவளம் போன்ற கற்களை இருபுறமிருந்தும் துளையிடுவது வழக்கம். இரு துளைகளும் நடுவில் சற்றே விலகிச் சந்தித்தால், அங்கு உண்டாகும் விளிம்பு நூலைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். மணி குயிற்றுவோரை மதுரைக்காஞ்சி தனியே குறிப்பிடுவது அத்தொழிலின் அருமை கருதியே போலும். கண்ணாடி மணிக்கோ துளை குடைவதே இல்லை. உருகிய கண்ணாடியை உட்புழையோடு நீண்ட குழாயாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுங்கச் செய்வர். புழையே துளையாகிவிடும். ஆனால் மணியே பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு எனில், துளையின் நுண்மையைச் சொல்லவும் வேண்டுமோ?

இம்முறை ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் பதிவு செய்தார். 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்னும் பெயரும் அவர் இட்டதே. அவ்வூர்ப் பெண்கள் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பதில்லை. மெல்லிய கம்பிகள் பலவற்றை விசிறிபோல் பிடித்து மணிக் குவியலுக்குள் துழாவுவர். மணிகள் தாமே கம்பியில் ஏறிக்கொள்ளும். பின்னரே நூலுக்கு மாற்றுவர். பிசிறும் நூலை வெல்ல இதனினும் எளிய வழி இல்லை.

இத்தகைய மணிகள் பேராக் மாநிலத்துக் கோலா செலின்சிங்கிலும், கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. அவை யாவும் தமிழகத்திலிருந்து வந்து இறங்கியவை என எண்ணுதல் பிழை. இவ்விடங்களிலேயே மணி செய்ததற்கும் சான்றுகள் உண்டு. சரக்கு மட்டுமன்றித் தொழிலும் கடல் கடந்ததென்பதே நமக்குக் கூடுதல் பெருமை. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் ஊர்ப்பெயருக்கே 'மணிமேடு' என்பது பொருள். அங்குக் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. விழா மேடைகளில் நாம் ஓயாது பேசும் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது அக்கல். வாளேந்தி வந்தவருக்கு முன்பே உரைகல்லும் மணியும் ஏந்தியவர் வந்துவிட்டனர்.

கண்ணாடி அழியவில்லை, கல்லும் அழியவில்லை. நூல் மட்டும் இந்த ஈர மண்ணில் மட்கிப்போயிற்று. புதைகுழிகளில் கிடந்த நிலையைக் கொண்டு சில சரங்களின் வரிசையை ஊகிக்கலாம். சிதறிக் கிடைத்த மணிகளுக்கு அதுவும் இல்லை. அவற்றை இன்று சரமாகக் காண்போமாயின், அவ்வரிசை பிற்காலத்தில் கோத்தவர் கைப்பட அமைந்ததேயாகும்.