கன்னியரும் பைபிள் அம்மாக்களும்

நம் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். போளூரைத் தாண்டி சேத்துப்பட்டுக்குப் போனால் லூர்து மாதா கோயில். அதைக் கட்டிய பிரெஞ்சுப் பாதிரியார் தராஸ் சாமியாரின் பெயர் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் வழங்குகிறது. இப்படி நம் வட்டாரத்துக் கிறிஸ்தவ சபைகளின் கதையைக் கேட்டால் பாதிரிமார், துரைமார் பெயர்களாகவே வரும். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு ஆண் நம் வீடுகளின் திண்ணையைத் தாண்ட முடியுமா? உள்ளே அடுப்பங்கரை வரைக்கும் போய், பெண்களோடு உட்கார்ந்து பேசி, எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் கிறிஸ்தவன் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு தெரிந்ததால் பழைய மிஷன் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தது. குமாஸ்தா வேலை பார்த்ததால், எந்தப் பதிவேட்டைப் பார்த்தாலும் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடும் பழக்கமும் வந்தது.

பெயர் விட்டுப்போகாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். தஞ்சைப் பக்கத்து பிராமண விதவை ஒருவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் துணையில் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1778இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். அந்தச் சிறு சபைக்கு முக்கியமானவர் இவர்தான். 1785இல் அவர் எழுப்பிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். கிளாரிந்தாவிடம் பணமும் செல்வாக்கும் இருந்தன. அதனால் அவர் பெயர் நின்றது. இரண்டும் இல்லாத பெண்களின் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

அவர்களுக்கு முதல் தடை எழுத்து. அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நம் தென்னாட்டில் முப்பது வருஷம் வாழ்ந்து, இங்கத்திய பழக்கவழக்கங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். கோயில் தாசிகளைத் தவிர மற்றப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதை ஜனங்கள் கௌரவக் குறைவாக நினைத்தார்கள் என்று அதில் சொல்கிறார். குடும்பப் பெண் ஏட்டைத் தொட்டால் ஊர் பேசும். கிறிஸ்தவர்களான குடும்பங்களும் இந்த விஷயத்தில் அக்கம்பக்கத்தாரைப் போலவே இருந்தன.

இந்த நிலையில் 1844ஆம் வருஷத் தொடக்கத்தில் புதுச்சேரியில் போனான் ஆண்டகை ஒரு பெரிய சபைக் கூட்டம் நடத்தினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைப்பது ஆகியவை அதில் முக்கியமான விஷயங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பதென்றால் பெண்களே வாத்தியாராக வர வேண்டும். படித்த பெண்களே இல்லாத ஊரில் வாத்தியாரம்மாவை எங்கே தேடுவது?

லூயி சவினியன் துப்புயி என்ற பாதிரியார் அதற்கு வழி கண்டார். அதே வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். இன்று மரியாயின் மாசற்ற இருதய சபை என்று அழைக்கப்படுவது அதுதான். புதுவையில் 1748 முதலே கார்மேல் மடம் இருந்தது. ஆனால் அது உள்ளிருந்து ஜெபிக்கும் மடம். 1827இல் பிரான்சிலிருந்து குளூனி கன்னியர் வந்தார்கள்; ஆனால் அவர்கள் வெளிநாட்டார். தமிழ்ப் பெண்கள் தாங்களே கற்று, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வேலையாகக் கொண்ட சபை என்பது அன்றைக்குப் புதிது.

துப்புயி சாமியாரைப் பற்றி இன்னொரு விஷயம். மிஷன் அச்சுக்கூடத்தைக் கவனித்துக்கொண்ட அவர், முஸ்ஸே என்ற சக பாதிரியாருடன் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தார். முதல் பாகம் 1855இலும் இரண்டாம் பாகம் 1862இலும் வந்தன. புதுவையில் பிரெஞ்சு படித்த எங்களுக்கெல்லாம் அது வீட்டுப் பெரியவர் மாதிரி. அதன் முகப்பில் இரண்டு மிஷனரிகள் செய்தது என்று மட்டும் போட்டிருந்தார்கள், பெயர் போடவில்லை. அடக்கம்தான். ஆனால் அந்த இருவர் யார் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் தாங்களாகவே பெயரை மறைத்தாலும் சரித்திரம் தேடிப் பிடித்துப் போட்டுவிடுகிறது. அவர் தொடங்கிய சபையில் முதன்முதலாகக் கரும்பலகை முன் நின்ற பெண்களின் பெயரை எங்கள் காலத்துப் புதுவைக்காரர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

புராட்டஸ்டண்டு சபைகளில் வேலை வேறு விதமாக நடந்தது. லண்டனில் எல்லன் ரேன்யார்டு என்ற அம்மையார் 1857இல் ஒரு ஏற்பாடு செய்தார். ஏழைகள் வாழும் சந்துகளுக்குப் பெரிய இடத்துச் சீமாட்டிகளை அனுப்பாமல், அந்தச் சந்துகளிலேயே வாழ்கிற பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, வேதப் புத்தகத்தோடு வீடுவீடாக அனுப்பினார். அவர்களுக்குப் பைபிள் உமன் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரும் முறையும் நம் நாட்டுக்கும் வந்தன. நம் ஜனங்கள் வாயில் அது பைபிள் அம்மா ஆயிற்று.

பைபிள் அம்மாக்களில் பலர் விதவைகள். இதை யோசித்துப் பாருங்கள். விதவை எதிரே வந்தால் சகுனம் பார்த்த காலம் அது. வீட்டு மூலையில் கிடக்க வேண்டியவள் என்று ஊர் ஒதுக்கிய பெண், கையில் பையும் புத்தகமுமாகத் தெருவில் நடந்து போனாள். மாதச் சம்பளம் வாங்கினாள். உள்ளே போன வீட்டில் கதை சொன்னாள், பாட்டுப் பாடினாள். கேட்கிறவளுக்கு விருப்பமிருந்தால் அரிச்சுவடியும் சொல்லிக்கொடுத்தாள். வேதத்தை ஏற்றுக்கொண்டவர்கள் சிலர்தான். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். மதம் மாற்ற வந்தவள் என்று கோபப்பட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீடுகளும் உண்டு. அந்தக் கோபத்தையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்துக் கற்றது பெரிய விஷயம்.

இந்தப் பெண்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பது சிலருக்குத்தான் புரிந்தது. மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஈவா சுவிஃப்ட் அம்மையார் 1892இல் பைபிள் அம்மாக்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிறகு அது லூசி பெரி நோபிள் பள்ளி என்று பெயர் பெற்றது. மதுரைக்காரர்களுக்கு ரட்சணியபுரம் என்றால் தெரியும். பக்தி இருந்தால் போதும் என்று விடாமல், படிப்பும் பழக்கமும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தது அந்தப் பள்ளி. வாத்தியாருக்குப் பயிற்சி வேண்டும், தாதிக்குப் பயிற்சி வேண்டும் என்றால் இவர்களுக்கு மட்டும் வேண்டாமா?

இந்தப் பெண்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் பொன்னம்மாள். திருநெல்வேலிச் சீமையில் இளம் வயதிலேயே விதவையானவர். ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போன பெண்கள் குழுவில் இருந்தார். பிறகு டோனாவூரில், கோயிலுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை அந்த அம்மையார் காப்பாற்றி வளர்த்தபோது, அந்தக் குழந்தைகளுக்குத் தாயாக நின்றவர் பொன்னம்மாள்தான். 1915இல் புற்றுநோயில் இறந்தார். கார்மைக்கேல் அவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஒரு துரைசானி எழுதி வைத்ததால் பொன்னம்மாள் நமக்குத் தெரிகிறார். எழுதி வைக்க யாரும் இல்லாத பொன்னம்மாள்கள் எத்தனையோ.

நம் ஊர்ப் பக்கத்து டேனிஷ் மிஷனுக்கு வருகிறேன். அந்த மிஷனில் வேலை செய்ய வந்தவர்களில் ஆன் மரி பீட்டர்சன், எஸ்தர் ஃபேரிங் என்று இரு பெண்கள். எஸ்தர் அம்மையார் நம் பக்கத்துத் திருக்கோவலூரில் இருந்தவர். 1917இல் இருவரும் காந்தியைப் பார்த்தார்கள். பிறகு இருவருமே மிஷனை விட்டு வெளியே வந்தார்கள். பீட்டர்சன் அம்மையார் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெண்கள் பள்ளியான சேவா மந்திருக்கு 1921இல் காந்தியே அடிக்கல் நாட்டினார். வெள்ளைக்காரரைப் போல நடை உடை மாற்றாமல், நம் பெண்களை நம் முறையிலேயே வளர்க்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் எண்ணம். இதுவும் ஒரு வகைப் பயிற்சிதான். கல்வி கொடுக்கிறேன் என்று ஒருத்தியை அவள் ஊருக்கே அந்நியமாக்கிவிட்டால், அவள் யாரிடம் போய்ப் பேசுவாள்?

பழைய மிஷன் அறிக்கைகளில் கடைசிப் பக்கங்களில் கணக்கு அட்டவணை இருக்கும். போதகர், உபதேசியார், ஆசிரியர், பைபிள் உமன் என்று தனித்தனிப் பத்தி. போதகர்களின் பெயரும் ஊரும் வேறு பக்கங்களில் விவரமாக வரும். பைபிள் அம்மாக்கள் பெரும்பாலும் அந்தப் பத்தியில் ஒரு எண்ணாகவே நின்றுவிடுகிறார்கள். சம்பளமும் பொதுவாக உபதேசியாரைவிடக் குறைவு. அரசாங்கத்தில் கடைநிலை ஊழியருக்குக்கூடப் பணிப்பதிவேடு உண்டு. எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை வருஷம் உழைத்தார் என்று அதில் இருக்கும். அதைக் காட்டித்தான் ஓய்வூதியம் வாங்குகிறோம். பணிப்பதிவேடு இல்லாதவருக்கு உழைப்பு இருந்தும் உரிமை இல்லை. முப்பத்தைந்து வருஷம் அந்தக் காகிதங்களோடு இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

காலம் மாறாமல் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கும் குருப்பட்டம் தரப்படுகிறது. 2013இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயர் ஆனார். அந்தச் சபையின் முதல் பெண் பேராயர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. ஆனால் 2021இல் போப் பிரான்சிஸ், வேதியர் பணியை முறையான திருப்பணியாக அறிவித்து, ஆண் பெண் இருவருக்கும் அதைத் திறந்துவிட்டார். புதுவையில் தமிழ்ப் பெண்கள் அந்த வேலையைத் தொடங்கியது 1844. கணக்குப் போட்டால் 177 வருஷம்.

இன்றும் நம் ஊர்ச் சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்துவதும், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும், துக்க வீட்டில் கூட இருப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களை வாழ்த்தி ஒரு பொன்னாடை போர்த்திவிட்டால் ஊக்கம் கொடுத்தாயிற்று என்று நினைக்கிறோம். துப்புயி சாமியாரும் ஈவா சுவிஃப்ட் அம்மையாரும் பொன்னாடையில் நிறுத்தவில்லை. படிப்புக் கொடுத்தார்கள், வேலையை நம்பி ஒப்படைத்தார்கள். அதற்கு மேல் நியாயமான சம்பளமும், முடிவெடுக்கும் கமிட்டியில் ஒரு நாற்காலியும், பதிவேட்டில் பெயரும் கொடுப்பது இனிமேல் இருக்கிறவர்கள் வேலை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பாடமல்ல. எந்தக் கோயிலானாலும், எந்தச் சங்கமானாலும், பெண்கள் சும்மா செய்துவிடுவார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிற வேலைகள் எவ்வளவு!

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டிக்கோ அம்மாவுக்கோ எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பைபிள் அம்மாவையோ, கன்னியாஸ்திரீயையோ உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அவர் பெயர், எந்தத் தெருவுக்கு வந்தார், எந்த வருஷம் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.