ஒரே அலைவரிசையில் மூன்று கலைகள்

1939 செப்டம்பர் 1. ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்த அன்றே பிபிசி தன் தொலைக்காட்சியை நிறுத்தியது. பிராந்திய வானொலிகளையும் மூடி, எல்லாவற்றையும் ‘ஹோம் சர்வீஸ்’ என்ற ஒரே நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்தது. காரணம் இதுதான்: ஒவ்வொரு ஒலிபரப்புக் கோபுரமும் தனி அலைவரிசையில் ஒலித்தால், எதிரி விமானி அந்த ஒலியைப் பிடித்தபடியே ஊரைக் கண்டுபிடித்துவிடுவான். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒலித்தால் அவனுக்குத் திசை புரியாது. விமானங்கள் நெருங்கினால் அருகிலுள்ள கோபுரத்தை மட்டும் அணைப்பார்கள். தொலைவிலுள்ள கோபுரத்தின் வழியே நிகழ்ச்சி மெலிதாகத் தொடரும்.

முதல் சில நாட்கள் நேயர்களுக்குப் பெரும் ஏமாற்றம். நாடக அரங்குகளும் திரையரங்குகளும் அரசாணையால் மூடிக் கிடந்தன, தெருவில் விளக்கில்லை. வானொலியைத் திருப்பினால் செய்தி, அறிவிப்பு, இசைத்தட்டு, இடையிடையே சாண்டி மெக்ஃபர்சனின் ஆர்கன் இசை. மக்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். போர்க்காலத்தில் கலை வேண்டாத ஆடம்பரமல்ல என்பதை நேயர்களே நிலையத்துக்கு உணர்த்தினார்கள்.

குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கலைஞர்கள் லண்டனைவிட்டு வெளியேறியிருந்தார்கள். 1941-இன் பிற்பகுதியில் ஏட்ரியன் போல்ட் தலைமையிலான சிம்பொனி இசைக்குழு பெட்ஃபோர்டில் இருந்தது. பல்சுவைப் பிரிவு வேல்ஸின் பேங்கரில். வால் கீல்குட்டின் நாடகப் பிரிவு மான்செஸ்டரில். செய்தி லண்டனிலிருந்து. வீட்டில் இருந்தவர் காதில் ஒரே மாலையாக விழுந்தது, உண்மையில் தொலைபேசிக் கம்பிகள் கோத்துக் கொடுத்த பல ஊர்களின் மாலை.

அந்த மாலைகளின் நாயகன் டாமி ஹேண்ட்லி. டெட் கவானா எழுதிய ‘இட்மா’ நகைச்சுவைத் தொடரில், 1939-இல் அவர் ‘எரிச்சலூட்டல், மர்மங்கள்’ துறையின் அமைச்சர்! நாளுக்கொரு தடையும் படிவமும் விதித்த அரசாங்கத்தைப் பார்த்து நாடே சிரித்தது. ‘ஃபன்ஃப்’ என்ற ஜெர்மன் உளவாளியின் குரலுக்காக ஜாக் டிரெய்ன் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் பேசினார். எதிரியைப் பற்றிய பீதியை அந்தத் தம்ளர் கேலியாக்கியது.

1940 அக்டோபர் 15 இரவு, தாமதமாக வெடிக்கும் குண்டொன்று பிபிசியின் லண்டன் தலைமையகத்துக்குள் பாய்ந்து இசை நூலகத்தில் வந்து தங்கியது. ஒன்பது மணிச் செய்தியின்போது அது வெடித்தது. ஊழியர்கள் ஏழு பேர் இறந்தனர். செய்தி வாசித்துக்கொண்டிருந்த புரூஸ் பெல்ஃப்ரேஜ் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மேலே விழுந்த தூசியோடு செய்தியைத் தொடர்ந்து வாசித்தார். அடுத்த மே மாதம் குவீன்ஸ் ஹால் இசை அரங்கம் எரிந்து அழிந்தது. அங்கே நடந்துவந்த புகழ்பெற்ற ‘புரோம்ஸ்’ கச்சேரிகள் அந்தக் கோடையிலேயே ஆல்பர்ட் ஹாலுக்கு மாறின.

நாடகமும் பின்தங்கவில்லை. 1942 அக்டோபர் 12 அன்று லூயி மெக்நீஸின் ‘கிறிஸ்டோபர் கொலம்பஸ்’ ஒலிபரப்பானது. கொலம்பஸாக லாரன்ஸ் ஒலிவியே. இசை வில்லியம் வால்டன். இசைக்குழுவை நடத்தியவர் போல்ட். மேடையில்லை, திரையில்லை. கடலையும் கப்பலையும் குரலும் இசையும் மட்டுமே காட்டின.

1940 தொடக்கத்திலேயே படைவீரர்களுக்கென இலகுவான இன்னொரு ஒலிபரப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஹோம் சர்வீஸ் சிம்பொனியையோ சிரிப்பையோ நாடகத்தையோ கைவிடவில்லை. பீத்தோவனுக்காகக் காத்திருந்தவர் ஹேண்ட்லியையும் கேட்டார். ஹேண்ட்லிக்காக வந்தவர் காதில் பீத்தோவனும் விழுந்தார்.

பிபிசி ஒரே நிகழ்ச்சிக்கு மாறிய அதே நாளில் ஜெர்மனி ஓர் ஆணை போட்டது: அந்நிய வானொலி கேட்பது குற்றம். ஒரு நாடு தன் மக்களின் காதைக் கண்டு அஞ்சியது. இன்னொன்று, தன் அமைச்சகங்களையே கேலி செய்யும் குரலுக்கு அரிய ஒலிபரப்பு நேரத்தைக் கொடுத்தது. பிரிட்டிஷ் வானொலியிலும் தணிக்கை இருந்தது. இருந்தும் மக்கள் அதை நம்பியதற்கு, சிரிக்கக் கிடைத்த இந்த உரிமையும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

1941 மே மாதம் இதே பிபிசியிலிருந்து தமிழ்க் குரலும் ஒலிக்கத் தொடங்கியது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)