வகுப்பறையில் பிறந்த ஸ்பைஸ்

மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் இன்று அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "கணிப்பொறித் திரையிலேயே மின்சுற்றை அமைத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கண்டுவிட முடிகிறதே! பிறகு ஆய்வுக்கூடம் எதற்கு? கம்பியோடும் பற்றவைக்கும் கோலோடும் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?"

வினா நியாயமானதுதான். விடை காண வேண்டுமானால், சிமுலேஷன் எனப்படும் இந்தப் பாவனைச் சோதனை முறை பிறந்த கதையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாணவரின் பயிற்சி

கதையின் தொடக்கம் 1845ஆம் ஆண்டில் இருக்கிறது. அப்போது கிர்க்காஃப் என்பவர் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவர், வயது 21. ஒரு சந்திக்கு வந்து சேரும் மின்னோட்டமும் அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது அவர் கூறிய முதல் விதி. மூடிய சுற்று ஒன்றைச் சுற்றி வந்தால் மின்னழுத்த மாற்றங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பது இரண்டாவது விதி. இன்று பள்ளியிலேயே நீங்கள் படிக்கும் இவ்விதிகள், ஒரு மாணவர் செய்த பயிற்சியிலிருந்து வந்தவை.

சுற்றில் மின்தடைகள் மட்டும் இருந்தால், இவ்விதிகள் தரும் சமன்பாடுகளைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். டிரான்சிஸ்டர் வந்தால் சிக்கலும் உடன் வருகிறது. அதன் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் கூடினால், மின்னோட்டம் பத்து மடங்காகிவிடும். இத்தகைய சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க இயலாது. ஒரு விடையை ஊகித்து, பிழையைக் கணக்கிட்டு, ஊகத்தைத் திருத்தி, பிழை மிகச் சிறியதாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நியூட்டன் பெயரால் வழங்கும் முறை இது. சலிப்பூட்டும் இந்த வேலைக்குக் கணிப்பொறியைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

பலகை போதாத காலம்

வானொலியின் தொடக்க நாட்களில், ஆர்வலர்கள் ரொட்டி அறுக்கும் மரப்பலகையில் ஆணி அடித்து, அதன்மேல் சுற்றை அமைத்துப் பார்த்தார்கள். பிரட்போர்டு என்னும் பெயர் அப்படி வந்ததுதான். புதிய சுற்றைப் பலகையில் கட்டிச் சோதிப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

ஒரே சிலிக்கான் சில்லில் பல டிரான்சிஸ்டர்களை அமைக்கும் தொகுப்புச் சுற்று வந்ததும் இவ்வழக்கம் தடுமாறியது. சில்லுக்குள் உள்ள உறுப்புகள் மிக நுண்ணியவை. அவற்றைப் பலகையில் பெரிதாகக் கட்டினால், கம்பிகளுக்கு இடையே தாமாகத் தோன்றும் மின்தேக்குத்திறனே கணக்கைக் கெடுத்துவிடும். சில்லையே செய்து பார்க்கலாமென்றால், ஒரு மின்தடையின் மதிப்பு தவறானாலும் அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இச்சிரமத்தை நன்கு உணர்ந்தவர் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் பீடர்சன். 1960களின் தொடக்கத்தில், மாணவர்கள் தம் கையாலேயே சில்லுகளைச் செய்து பழக, அவரும் சக ஆசிரியர்களும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தனர். பல்கலைக்கழகங்களில் அமைந்த இவ்வகைக் கூடங்களில் இதுவே முதலாவது என்று கருதப்படுகிறது.

வகுப்பே எழுதிய நிரல்

அதே பெர்க்லியில், 1969-70ஆம் கல்வியாண்டில், ரான் ரோரர் என்ற ஆசிரியர் சுற்றுப் பகுப்பாய்வுப் பாடம் நடத்தினார். அவர் வழக்கம்போல் விரிவுரை ஆற்றவில்லை. மின்சுற்றைக் கணக்கிடும் நிரல் ஒன்றை வகுப்பே சேர்ந்து எழுத வேண்டும். அது பீடர்சனுக்குத் திருப்தி அளித்தால்தான் தேர்ச்சி என்றார். சில்லு செய்து பழகிய ஒருவரை வெறும் கணக்கால் ஏமாற்ற முடியுமா? அவரை இணங்கவைக்கும் பொறுப்பு லாரி நேகல் என்ற மாணவரிடம் வந்தது.

அந்த நிரலுக்குக் 'கான்சர்' என்று பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். 'கதிர்வீச்சு நீங்கலாக' என்ற பொருள் தரும் சொற்களின் முதலெழுத்துகளும் அதில் அடக்கம். அக்காலத்தில் இத்தகைய நிரல்கள் பலவும் ராணுவத் துறையின் பணத்தில் உருவாகி, கதிர்வீச்சின் விளைவையும் கணக்கிட்டன. எங்களுக்கு அது வேண்டாம் என்று மாணவர்கள் செய்த குறும்பு இது.

நேகல், பீடர்சனின் வழிகாட்டுதலில் அந்நிரலைத் திருத்தி எழுதினார். எவரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்பதில் பீடர்சன் உறுதியாக இருந்தார். 1973இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் அது 'ஸ்பைஸ்' என்ற புதுப்பெயரோடு அறிமுகமாயிற்று. நோயின் பெயர் போய் வாசனைச் சரக்கின் பெயர் வந்தது! அந்நாளில் சுற்றின் ஒவ்வோர் உறுப்பையும் துளையட்டையில் பதித்து, அட்டைக் கட்டைக் கணிப்பொறிக்குக் கொடுக்க வேண்டும். 1975இல் ஸ்பைஸ் 2 வந்தது. படித்து முடித்த மாணவர்கள் தாம் சென்ற தொழிற்சாலைகளுக்கெல்லாம் அதை எடுத்துச் சென்றனர். இன்று வழங்கும் சுற்றுப் பாவனை நிரல்கள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை.

திரையில் அசையாத சுற்று

இப்போது ஒரு சோதனை. பி.சி.547 டிரான்சிஸ்டர் இரண்டு, 1 கிலோஓம் தடை இரண்டு, 47 கிலோஓம் தடை இரண்டு, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இரண்டு, 5 வோல்ட் மின்கலம். இவற்றால் ஒன்று மாற்றி ஒன்று கடத்தும் பல்லதிர்வி அமைக்கலாம். பாடநூல் சூத்திரப்படி ஒரு சுழற்சிக்கு 2 x 0.69 x 47,000 x 0.00001, அதாவது சுமார் 0.65 விநாடி ஆகும்.

இதே சுற்றைத் திரையில் அமைத்து இயக்குங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடவாது! இரு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்தே கடத்திக்கொண்டு அப்படியே நிற்கும். காரணம் என்ன? நிரலில் இரு பக்கமும் அணுவளவும் வேறுபாடில்லை. எது முந்துவது என்று தீர்மானிக்க அங்கே எதுவும் இல்லை. ஒரு மின்தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தம் ஒன்றை நீங்கள் கொடுத்தால்தான் அது அலையத் தொடங்கும்.

பலகையிலோ இயற்கையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எந்த இரு டிரான்சிஸ்டரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மின்தேக்கியின் மதிப்பே நூற்றுக்கு 20 வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மின்சாரம் பாய்ந்த கணத்தில் ஒரு பக்கம் முந்திக்கொள்கிறது. சுற்று துடிக்கத் தொடங்குகிறது. அளந்து பாருங்கள், 0.65 விநாடி அப்படியே வராது. ஏன் வரவில்லை என்று தேடும்போதுதான் மின்தேக்கியின் பிழை வரம்பும், சூத்திரம் கணக்கில் கொள்ளாத அடிவாய் மின்னழுத்தமும் உங்களுக்குப் புலப்படும்.

அப்படியானால் பாவனைச் சோதனை வீணா? இல்லை. உறுப்பைக் கருக்காமல் நூறு மதிப்புகளை அதில் மாற்றிப் பார்க்கலாம். சில்லின் உள்ளே எட்டாத சந்தியையும் அளக்கலாம். ஆனால் நாம் சொல்லாத எதையும் அது அறியாது. என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆய்வுக்கூடமே நமக்குக் கற்றுத் தருகிறது. சில்லைக் கையால் செய்து பழக்கிய இடத்திலேயே ஸ்பைஸ் பிறந்ததும் இதனால்தான்.

மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஈசிம் என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்பைஸ் வழிவந்த நிரலே அதனுள் கணக்கிடுகிறது. அடுத்த செய்முறை வகுப்புக்கு முன் சுற்றைக் காகிதத்தில் கணக்கிடுங்கள், திரையில் இயக்குங்கள், பிறகு பலகையில் கட்டுங்கள். மூன்று விடைகளையும் செய்முறைக் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவை வேறுபட்டால் அழித்துத் திருத்தாதீர்கள். வேறுபாட்டுக்குக் காரணத்தைத் தேடி, அதையும் கீழே எழுதுங்கள்.