கொலுப்படிக் குதிரை: அரண்மனை வழியா, மாட வீதி வழியா?

புரட்டாசி பிறந்ததும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் கொலு பொம்மைகள் பரப்பப்படுகின்றன. அவற்றில் குதிரைகள் பல: தசாவதார செட்டின் கடைசியில் வாளோங்கிய கல்கி, வைகையில் இறங்கும் கள்ளழகர், ராஜா ராணியாகப் பொய்க்கால் குதிரை ஜோடி. ஆண்டுக்கொரு புதுப் பொம்மை என்ற வழக்கத்தால் இவை தலைமுறைகளாகப் பெட்டிகளில் சேர்ந்திருக்கின்றன. இந்தக் குதிரை கொலுப்படிக்கு எந்த வழியாக வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

'நைன் நைட்ஸ் ஆஃப் த காடஸ்' (2018) தொகுப்பில் ஆய்வாளர் வசுதா நாராயணன் அரச தர்பாரையும் வீட்டுக் கொலுவையும் இணைத்து ஆராய்ந்திருக்கிறார். அந்த இணைப்புக்கு வலு உண்டு. விஜயநகரத்தின் நவராத்திரி அரச விழாவான மகாநவமியைப் பின்வந்த அரசுகள் தொடர்ந்து கொண்டாடின. மைசூர் உடையார்கள் 1610 முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா நடத்தினர். இராமநாதபுரம் சேதுபதிகளிடமும் நவராத்திரி அரச விழாவாகவே இருந்தது. உயர்ந்தோர் மேலே, மற்றவர் கீழே என்ற படி வரிசைக்கு அரசவை முன்மாதிரியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாசிப்பைக் குதிரைப் பொம்மை வரை நீட்டினால் அது நிற்காது. காரணம், மகாநவமியின் குதிரையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான சான்றே அதற்கு எதிராகப் பேசுகிறது.

அச்சான்று போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் எழுதியது. கிருஷ்ணதேவராயர் காலத்து விழாவை நேரில் கண்டவர் அவர். ராபர்ட் சூவெல் 1900இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பயஸ் வந்த ஆண்டை 1520 என்பாரும் உண்டு, 1522 வரை தள்ளுவோரும் உண்டு. நம் வாதத்துக்கு இரண்டும் ஒன்றே. அவர் விவரிப்பில் அலங்கரித்த குதிரைகள் வரிசையாக வருகின்றன. முன்னால் வருவது மற்றவற்றைவிடச் சிறப்பாக அணிசெய்த ஒரு குதிரை. அதற்கு இரண்டு குடைகள். அரசர் முடிசூடும்போது உறுதிமொழி ஏற்பது அந்தக் குதிரைமேல்தான். அது இறந்தால் இன்னொன்று அதன் இடத்துக்கு வரும். குதிரைகள் அரசரைப் பார்த்து நின்றதும் அரண்மனையிலிருந்து அந்தணர் ஒருவர் தேங்காய், அரிசி, பூ ஏந்திய கலத்தோடு வருகிறார்; உடன் வருவோர் நீர்க்குடம் சுமக்கிறார்கள். குதிரைகளின் பின்பக்கமாகச் சுற்றிச் சடங்கு செய்துவிட்டு உள்ளே திரும்புகிறார்கள்.

இதில் ஒரு சிறு விவரத்தைக் கவனிக்க வேண்டும். குடை பிடித்து நடத்திவரப்படும் அந்தக் குதிரைமேல் ஆள் இல்லை. பூசை பெறுவது குதிரையே. மைசூர் தசராவில் இன்றும் பட்டத்துக் குதிரை அப்படித்தான் வழிபடப்படுகிறது. மாட வீதிக் குதிரையோ ஏறக்குறைய எப்போதும் ஒருவரைச் சுமக்கிறது. கும்பிடு சேர்வது மேலே இருப்பவருக்கு. குதிரை அவருடைய வாகனம். பட்டத்துக் குதிரை பொம்மையாகி வீட்டுக்கு வந்திருந்தால் இரட்டைக் குடையும் வெறும் முதுகுமாகத் தனியே நிற்கும் உரு ஒன்றாவது வழக்கில் தங்கியிருக்க வேண்டும். சென்னைக் கொலுக்களில் அது வழக்கமான உருவம் அல்ல. இல்லாததை வைத்து வாதிடுவது பலவீனம்தான் என்றாலும், இங்கே அந்த இல்லாமை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாறாக, கோயில் வாகனத்தோடு ஒற்றுமை வெளிப்படை. வைணவப் பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள் இரவு குதிரை வாகனம், திருமலையிலும் அப்படியே. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் அந்த மரக் குதிரையின் நிலையே கல்கி பொம்மையிலும் அழகர் பொம்மையிலும் காணப்படுகிறது. அச்சில் வார்க்கும் மண்ணுக்கோ காகிதக் கூழுக்கோ இது வசதியான நிலை அன்று; தூக்கிய மெல்லிய கால் எளிதில் உடையும். உடையும் என்று தெரிந்தும் கைவினைஞர் அந்த நிலையை விடாததற்குக் காரணம், வாங்குவோர் வீதியுலாவில் கண்ட குதிரையைக் கேட்டதே என்று கருதுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். பாயும் குதிரையின் உருவத்தைத் தமிழகத்தில் பெரிதாக நிறுத்தியதே விஜயநகர, நாயக்கர் காலச் சிற்பம்தானே? திருவரங்கம் சேஷகிரிராயர் மண்டபத் தூண்கள் அதற்குச் சான்று. அவற்றை 16ஆம் நூற்றாண்டு என்பதற்கு மேல் நெருக்கமாகக் காலம் கணிப்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அரசின் குதிரை நம்மிடம் வந்திருந்தாலும் தர்பார் மேடையிலிருந்து நேராக வரவில்லை. கோயில் தூணாகி, வாகனமாகி, பிறகே பொம்மையாயிற்று. அந்தத் தூண்களிலும் குதிரைமேல் வீரர் இருக்கிறார்.

ஆளில்லாத குதிரை தமிழ் மண்ணில் இல்லாமலில்லை. அது அய்யனார் கோயிலில் நிற்கிறது, மண்குதிரைகளை நேர்த்திக்கடனாகச் செலுத்தும் புரவி எடுப்பில் நேர்ந்துவிடப்பட்டது. மதுரை வட்டாரக் குயவர்களான வேளார்களின் மண்ணுருத் தொழிலை ஸ்டீபன் இங்லிஸ் 1980இல் நூலாக்கினார். நான்கு கால்களும் உள்ளே கூடான தூண்களாக ஊன்றி நிற்கும் உரு அது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் அதே வேளார் கைகளில் கொலு பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் உருவாகின்றன. அப்படியிருந்தும் அய்யனார் குதிரை கொலுப்படியில் வாகனக் குதிரைக்குரிய இடத்தைப் பெறவில்லை. பண்டிகைக்கு எந்தக் குதிரை வேண்டும் என்று தீர்மானித்தவர் செய்தவரைவிட வாங்கியவரே.

வாகனக் குதிரை கொலு பொம்மையான இந்த மாற்றம் எந்த நூற்றாண்டில் நடந்தது என்று சொல்லத் துணியமாட்டேன். மண்ணும் காகிதக் கூழும் நெடுங்காலம் நிலைப்பவை அல்ல. கால் உடைந்த பொம்மையை நீரில் விடுவதும் வழக்கம். ஆகவே மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் பாட்டி காலத்துக் கொலுப் பெட்டி வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த குதிரையைக் கழிக்கும் முன் அதன் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். வாங்கிய ஆண்டும் இடமும் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.