கருவறையிலிருந்து சுவருக்கு

நாரணாபுரம், சிவகாசி, விருதுநகர் என நீளும் கந்தக பூமியில் கடவுள் நம்பிக்கை தேய்ந்ததா வளர்ந்ததா என்று கேட்பதில் பயனில்லை. மாறியது நம்பிக்கையின் அளவல்ல. யாருடைய அனுமதியோடு சாமியைக் கும்பிடுவது என்பதுதான். 1890களில் சிவகாசி விசுவநாத சுவாமி கோயிலுக்குள் வரும் உரிமையை நாடார்கள் கேட்டார்கள். பகை முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஊர் தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மேல் ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கும் அவர்கள் தோற்றார்கள்.

அந்தஸ்துக்காகக் கேட்டார்களே தவிர பக்தியால் அல்ல என்று சிலர் சொல்வதுண்டு. மானத்தையும் பக்தியையும் அப்படிப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு இரண்டும் ஒரே வலி. அந்த வலியோடு அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகிமை எனும் பொதுநிதி பிரித்தார்கள். உறவின்முறைகள் எனும் ஊர்ச் சங்கங்கள் தங்கள் பத்திரகாளிக்கும் மாரியம்மனுக்கும் கோயில் எழுப்பி விழா எடுத்தன. அதே கட்டுக்கோப்பில் 1889இலேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும் அதை வளர்த்தது. காமராஜர் படித்த பள்ளி அது. கோயிலும் பள்ளிக்கூடமும் ஊர்ப் பணத்தில் நின்றதால், சாமி காரியம் ஊர் கணக்குக் கேட்கும் பொதுக்காரியமாயிற்று. கடவுளை மறுத்த குரலும் இதே காயத்தில் பிறந்ததுதான்: 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை இயக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நாடார் சமூகத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1931 மாநாடு விருதுநகரிலேயே கூடியது.

அடுத்த மாற்றம் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அடித்த ஊர் பிறகு காலண்டரும் அடித்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் அட்டையில் ஒட்டப்பட்டு, கீழே தினசரித் தாளும் ராகுகாலமும் சேர்ந்து, குடிசைச் சுவரிலும் ஆணியடித்துத் தொங்கின. இது பிழைப்பு, பக்தியல்ல என்பார்கள். அச்சடித்தவர் நோக்கம் பிழைப்புதான்; ஆனால் வாங்கியவர் அதற்குக் குங்குமம் வைத்தார். அந்தப் படத்தைக் கும்பிட அர்ச்சகரும் வேண்டாம், சாதியும் தடையில்லை. படம் மலிந்ததால் மரியாதை போயிற்று என்ற குறையில் நியாயம் உண்டு: லட்சுமி வெடி வெடித்தபின் தேவியின் முகம் தெருவில் மிதிபடுவதைக் கண்டு மனம் நொந்தவர்கள் பலர்.

ஆனால் சுவரில் தொங்கும் படம் உரிமைக்கு ஈடாகாது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் கக்கன் முதலான ஒடுக்கப்பட்ட மக்களோடு விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். பிரிவி கவுன்சில் அடைத்த வழி 31 ஆண்டுகளில் திறந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் சில ஊர்க் கோயில்களில் பட்டியல் சாதியினர் இன்றும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 1899ஐ அனுபவித்த மண்ணிலிருந்துதான் அதற்கு எதிரான முதல் குரல் எழ வேண்டும்.