87178291201

87178291201 (8,717 கோடியே 82 இலட்சத்து 91 ஆயிரத்து 201) என்பது 14! + 1 என்னும் வடிவில் அமைந்த ஓர் ஒற்றைப்படை இயல் எண் ஆகும். இங்கு 14! என்பது 1 முதல் 14 வரையுள்ள எண்களின் தொடர் பெருக்கத்தைக் குறிக்கும். கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளை எழுப்பிய ஒரு வினாவிற்கு 'இல்லை' என்னும் விடையைத் தந்த எண் என்பதால் இது எண் கோட்பாட்டில் குறிப்பிடத்தக்கது.

காரணிகள்

இது ஒரு பகு எண். இரண்டே பகா எண்களின் பெருக்கமாக அமைகிறது:

87178291201 = 23 × 3790360487

பிள்ளையின் வினா

எஸ். எஸ். பிள்ளை (1901–1950) சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றினார். அக்காலத்தில் சிதம்பரம், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ளது. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1930 ஆம் ஆண்டு அவர் எழுப்பிய வினா பின்வருமாறு: ந! + 1 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் ஒவ்வொரு பகா எண்ணும், ந ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தருமா?

ந = 2 முதல் 7 வரை இது உண்மையாகும். எடுத்துக்காட்டாக, 6! + 1 = 721 = 7 × 103; இவ்விரு காரணிகளும் 6 ஆல் வகுக்க மீதி 1 தரும்.

எதிர்க்காட்டு

சர்வதாமன் சௌலா 14! + 1, 18! + 1 ஆகிய இரண்டும் 23 ஆல் வகுபடுவதைச் சுட்டிக்காட்டினார். 23 ஐ 14 ஆல் வகுக்க மீதி 9. 18 ஆல் வகுக்க மீதி 5. மற்றொரு காரணியான 3790360487 ஐ 14 ஆல் வகுத்தாலும் மீதி 11 ஆகும்.

இவ்வளவு பெரிய எண்ணை நேரடியாக வகுக்காமலே இதனை நிறுவலாம். வில்சன் தேற்றத்தின்படி 22! ஐ 23 ஆல் வகுக்க மீதி 22. 19 × 20 × 21 × 22 = 175560; இதன் மீதி 1. எனவே 18! இன் மீதியும் 22 ஆகும். அவ்வாறே 15 × 16 × 17 × 18 = 73440; இதன் மீதியும் 1. எனவே 14! இன் மீதியும் 22 ஆகும். ஆகையால் 14! + 1 ஆனது 23 ஆல் மீதியின்றி வகுபடும்.

இதனினும் சிறிய எதிர்க்காட்டும் உண்டு: 8! + 1 = 40321 = 61 × 661. இவ்விரு காரணிகளையும் 8 ஆல் வகுக்க மீதி 5 ஆகும்.

பிள்ளை பகா எண்கள்

பிள்ளை எதிர்பார்த்த பண்பை ஏதேனும் ஒரு ந இல் மீறும் பகா எண்கள் இன்று அவர் பெயராலேயே 'பிள்ளை பகா எண்கள்' எனப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. தொடர்ந்து வருபவை 29, 59, 61, 67, 71, 79, 83, 109 ஆகியன. இத்தகைய பகா எண்கள் முடிவிலியாக உள்ளன என்பதைப் பால் ஏர்டோசு, எம். வி. சுப்பாராவ், ஜி. ஈ. ஹார்டி ஆகியோர் நிறுவியுள்ளனர். இந்த ஹார்டி, இராமானுசனுடன் பணியாற்றிய ஜி. எச். ஹார்டி அல்லர்.