பங்களா மேசையும் காம்பரா மேசையும்

சப்ரகமுவத் தோட்டங்களில் இரண்டு விதமான மேசைகளைப் பார்க்கலாம். ஒன்று துரை பங்களாவின் சாப்பாட்டு மேசை. தேக்கிலோ மகோகனியிலோ செய்து, முகம் தெரியும் அளவுக்கு பிரெஞ்சு பொலிஷ் ஏற்றியது. மற்றது லயத்துக் காம்பராவில் சுவரை ஒட்டிக் கிடப்பது. பலாப் பலகையோ றப்பர் மரமோ, மாலையில் பிள்ளை அதில் வீட்டுப்பாடம் எழுதும். இரவானால் சோற்றுச் சட்டி அதன்மேல் ஏறும். இரண்டும் ஒருநாள் மங்கிப்போகின்றன. அப்போது அரக்குப் பொலிஷ் போடுவதா, ஸ்டெயின் பூசி எண்ணெய் ஏற்றுவதா என்ற கேள்வி வருகிறது. ஹாட்வெயார் கடையில் கேட்டால் எது அதிகம் மினுங்கும் என்பதை வைத்தே பதில் சொல்வார்கள். எனக்கு அது தப்பான அளவுகோலாகப் படுகிறது. நாளைக்கு அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், எந்த மாதத்தில் பூசப் போகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏனென்றால் இது ஈரத்தின் ஊர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தை ஒட்டி நிற்கும் இடத்தில், உலர்த்திய பலகைகூடத் தன் எடையில் 15 வீதமளவு நீரை வைத்துக்கொண்டுதான் அமைதியாகும். எந்தப் பூச்சும் இதைத் தடுக்காது. ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மேசை இழுப்பறை இறுகிக்கொள்வதும், வெயில் காலத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரிவதும் தச்சு பாஸின் கைக்குற்றம் அல்ல. மரம் மூச்சு விடுகிறது.

முதலில் அரக்கு. கெரியா லக்கா என்னும் சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து விடும் பிசின் இது. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்தியாவின் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. மெல்லிய செதில்களாகக் கிடைப்பதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் வட்டம் வட்டமாக, பிறகு எட்டுப் போட்ட மாதிரித் தேய்ப்பார்கள். பொட்டலம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய். பூச்சு அத்தனை மெல்லியது என்பதால் டசின் கணக்கில் ஏற்ற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் புகழ்பெற்று, பிரித்தானியர் வீடுகளுக்குப் பரவி, அவர்களோடு கப்பலேறி இங்கே வந்த முறை இது. மொறட்டுவைத் தச்சர்கள் அதைத் தங்கள் கைத்திறனாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

அரக்கின் அழகே அது காயும் விதத்தில் இருக்கிறது. ஸ்பிரிட் ஆவியானதும் அரக்கு தங்கிவிடும், நிமிடக் கணக்குதான். பத்து வருடம் கழித்துப் புதிய பூச்சு போட்டாலும் பழையது கரைந்து அதோடு ஒன்றாகிவிடும், தையல் தெரியாது. பல பூச்சுகளுக்கு இல்லாத வரம் இது. சாபமும் அதே குணத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரையும் பொருள் சாராயம் சிந்தினாலும் கரையும். 70 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் இளகத் தொடங்கும். கோப்பையை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும். தேயிலைக்காகவே உண்டான ஒரு வீட்டில் தேநீரே மேசைக்கு எதிரி. மழை பெய்துகொண்டிருக்கும்போது பூசினால் ஸ்பிரிட் காற்றிலிருந்து நீரை இழுத்து, மேற்பரப்பு முழுக்கப் பால் சிந்தியதுபோல வெள்ளை பூத்துவிடும். கரைத்து வைத்த அரக்குக்கும் ஆயுள் குறைவு. ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டிய போத்தலிலிருந்து எடுத்துப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. கடையில் வாங்கும்போது எப்போது கரைத்தது என்று கேட்பவர்கள் குறைவு.

பங்களாவில் இதையெல்லாம் சமாளிக்க ஆள் இருந்தது. கோப்பைக்கு அடியில் விரிப்பு வைக்க அப்பு, தினமும் துடைக்க ஒரு பொடியன், வருடத்துக்கொரு முறை வந்து தேய்த்துவிட்டுப் போகும் பாஸ். அந்த மினுக்கம் மரத்திலிருந்து வந்ததைவிடச் சம்பளப் பட்டியலிலிருந்து வந்தது என்றால் மிகையில்லை. 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பிறகு, ஆள் குறைந்த பங்களாவில் அதே மேசையை அதே மினுக்கத்தோடு வைத்திருக்க நினைப்பது வீண் ஆசை.

எண்ணெயின் கதை வேறு. ஆளி விதை எண்ணெய், அதாவது கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேட்டு வாங்குவது, ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்துத் தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. அதனால்தான் எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. மேசை மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் மினுங்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கறுக்கும். எண்ணெய் காயுமா என்பதைக் காட்டும் அயோடின் எண் ஆளி விதைக்கு 170-க்கு மேல். தேங்காய்க்குப் பத்துதான் தேறும். நடுவில் நிற்பது றப்பர் விதை எண்ணெய், 130-ஐத் தாண்டும். பெயின்ற் தொழிலில் ஆளி விதைக்கு மாற்றாக அதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். கேகாலைத் தோட்டங்களில் காய் வெடித்துச் சிதறி, காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் விதை அது. ஆனால் நாம் தகரத்தில் அடைத்து வரும் எண்ணெயைத்தான் வாங்குகிறோம்.

எண்ணெய் பூசுவது எளிது. தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதை ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். துடைப்பதில்தான் வேலை இருக்கிறது. மிச்சம் வைத்தால் அது ஒட்டிக்கொண்டே கிடக்கும். மூன்று பூச்சு போதும். மரத்துக்குள் இறங்குவதால் மேலே உரிவதற்குப் படலம் கிடையாது. சட்டி கீறினால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் வைக்கலாம். அதற்கு பாஸ் வேண்டாம், வீட்டுப் பிள்ளையே செய்யும். குறை என்னவென்றால், ஈரக் காற்றில் ஒரு நாளில் காய வேண்டியது பல நாள் இழுக்கும். எதுவும் கலக்காத பச்சை ஆளி எண்ணெய் பூஞ்சணத்துக்கும் நல்ல தீனி. ஆகவே காய்வதற்கான உலோக உப்புச் சேர்த்ததையோ, வார்னிஷ் கலந்து விற்கும் டேனிஷ் ஒயிலையோதான் நான் இந்தப் பகுதிக்குச் சொல்வேன்.

ஸ்டெயின் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. எண்ணெய்க்கு முன்னால், வெறும் மரத்தில் பூச வேண்டும். பழைய பொலிஷ் ஒரு பொட்டு மிஞ்சியிருந்தாலும் அங்கே நிறம் பிடிக்காது. பலகையின் வெட்டு முனை மட்டும் இரட்டிப்பாகக் குடித்துக் கறுத்துப்போகும். வெளிறிய றப்பர் மரத்துக்கு ஸ்டெயின் நியாயமானது. பலாவுக்கு மகோகனி நிறம் ஏற்றுவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் தந்த மரம் அது. புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானே செம்பழுப்பாகிவிடும். அதற்கு இன்னொரு சாயம் எதற்கு?

றப்பர் மேசைக்கு ஒரு தனிக் கவலை உண்டு. 1876-இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட நாற்றுகளிலிருந்து தொடங்கிய மரம், பால் வெட்டி முப்பது வருடமளவில் விழும்போது பெரும்பாலும் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கே விறகாகப் போனது. அதில் மாச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களில் நீலப் பூஞ்சணம் ஏறும், உளுக்கும் வண்டு துளைக்கும். வெண்காரமும் போரிக் அமிலமும் ஏற்றிப் பதப்படுத்தத் தொடங்கிய பிறகே அது மேசையாகும் தகுதி பெற்றது. பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாமல் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவதும் றப்பர் பலகைக்கு வழி விட்டது. ஆனால் பலகைக்கு ஏற்றிய அந்த வெண்கார மருந்து நீரில் கரையக்கூடியது. ஒழுகும் கூரையும் கழுவி விட்ட சீமெந்துத் தரையுமாக உள்ள காம்பராவில், மேசையின் கால் நுனி வழியாக நீர் ஏறி இறங்கி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போய்விடும். மேற்பலகைக்கு நாலு பூச்சு போட்டுவிட்டுக் கால் நுனியை அப்படியே விடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. வண்டு முட்டையிடுவதும் பூச்சில்லாத மரத் துளைகளில்தான்; எனவே மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்துக்கும் அரக்கு ஒரு கை பூசிவிடுவது நல்லது. அங்கே கோப்பை வைக்கப் போவது யாருமில்லை.

பழைய பூச்சு எது என்று தெரியாவிட்டால் மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டாலேயே அதைக் கழுவி எடுத்துவிடலாம், மரம் ஒரு நூலளவும் குறையாது. எண்ணெய் அப்படிக் கழன்று வராது. உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, சேண்ட் பேப்பர் போட்டு, மேல்தோலையே எடுக்க வேண்டியதுதான். நூறு வருடத்து பங்களா மேசையில் எண்ணெய் ஏற்றக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இது. அரக்கில் செய்த எதையும் பின்னால் வருகிறவர் மாற்ற முடியும். மரத்துக்குள் இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை.

காம்பரா மேசைக்கு எண்ணெயே பொருத்தம் என்றாலும் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒட்சிசனைப் பிடிக்கும்போது ஆளி எண்ணெய் சூட்டை வெளிவிடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். தனி வீடு என்றால் நட்டம் ஒரு வீட்டோடு போகும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் உள்ள லயத்தில் ஒரு மூலையில் பிடித்த தீ எங்கே நிற்கும் என்பதை மலையகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். துணியை விரித்து வெளிக்கொடியில் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். தகரத்தின் பின்புறத்தில் இது பொடி எழுத்தில் இருக்கும், அனேகமாகத் தமிழில் இருக்காது.

இனி மாதம். தோட்டத்தில் கையில் காசு புரள்வது தீபாவளி முற்பணத்தோடு. வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் சாமான் புதுப்பிப்பதும் அப்போதுதான். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் சப்ரகமுவவில் பிற்பகலானால் இடியோடு மழை. காலை வெயிலில் தொடங்கினால் அரக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். பங்களாக்காரர் அந்தக் காலத்தில் துணிந்து செய்யலாம். எண்ணெய் பூசியவர்தான் பிசுபிசுத்த மேசையில் பலகாரத் தட்டை வைக்க நேரும். ஆண்டில் கொஞ்சமாவது காய்ந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். தகரத்தை தீபாவளிக் காசில் வாங்குங்கள், மூடியைத் திறக்காமல் வையுங்கள். தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் மேசையை இஸ்தோப்புக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், முதலில் கவிழ்த்துப் போட்டுக் கால் நுனியிலிருந்து தொடங்குங்கள்.